வெயிட்டட் ஸ்டேஜ் பியானோ இருக்கு, அதுக்கு மேல வைக்க ரெண்டாவது கீபோர்டு எது? ஆர்கன், பேட், லீட் மூணும் வேணும்

கருப்புவெள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட யமஹா சிபி88 இருக்கு. பியானோ, எலெக்ட்ரிக் பியானோ ரெண்டுக்கும் வேற எதையும் நான் தேடப்போறதில்ல, அந்த மரக் கீ மேல கை வெச்சா எழுந்துக்கவே மனசு வராது. ஆனா இப்ப ஒரு பேண்டுல வாசிக்கிறேன், அங்க பியானோ பாதிதான், மீதியெல்லாம் ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ் பேட் (பின்னாடி நீளமா நிக்கற சத்தம்), நடுநடுவுல சிந்த் லீட் (முன்னாடி தனியா வர்ற மெலடி). சிபி88ல சப் செக்ஷன்ல ஆர்கன், பேட் எல்லாம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா பியானோ மாதிரி கனமான ஹேமர் கீல ஆர்கன் வாசிச்சா ஒரு பாட்டு முடியறதுக்குள்ள முன்கை இறுகிப்போயிடுது, உள்ளங்கையால கீ வரிசை மேல இழுத்து ஒரு கிளிஸ் போடலாம்னா நகக்கண் போயிடும். அதுவுமில்லாம பியானோவுல ஒரு கை, பேடுல ஒரு கைன்னு வாசிக்க 88 கீயையும் ஸ்ப்ளிட் பண்ணா (ரெண்டா பிரிச்சா) ரெண்டு கைக்கும் இடம் பத்தல.

அதனால மேல ஒண்ணு வைக்கலாம்னு இருக்கேன். மனசுல இருக்கறது: யமஹா எம்ஓடிஎக்ஸ்7 (76 கீ, பாதி கனமான செமி வெயிட்டட்), நார்ட் எலெக்ட்ரோ 6டி 73, இல்லன்னா ரோலண்ட் ஜூனோ டிஎஸ்61. எல்லாம் பண்ற ஒண்ணா வாங்கிட்டா நல்லதுன்னு ஒரு ஆசை. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

டிராபார்தாசன்:
முதல்ல ஒண்ணு தெளிவு பண்ணிக்கலாம் ப்ரோ. "எல்லாம் பண்றது" உங்ககிட்ட ஏற்கனவே இருக்கு, அது கீழ நிக்குது. மேல வர்றது அதால முடியாததை மட்டும் பண்ணா போதும். சவுண்ட் லிஸ்ட்ட பார்த்து வாங்காதீங்க, ஸ்ட்ரிங்ஸ், பேட், பிராஸ் எல்லாம் இன்னிக்கு எந்தக் கீபோர்டுலயும் கேக்கற மாதிரிதான் இருக்கு. கீயும் பேனலும்தான் வித்தியாசம்.

ஹேமர் கீல ஆர்கன் ஏன் ஒட்டலன்னு யோசிச்சிருக்கீங்களா? கனம் மட்டும் இல்ல. வெலாசிட்டி அளக்கறதுக்கு கீக்கு அடியில ரெண்டு, சிலதுல மூணு சென்சார் இருக்கும். மேல இருக்கற சென்சாரைத் தாண்டி கீழ இருக்கறதைத் தொட எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பார்த்துத்தான் நீங்க எவ்ளோ வேகமா அடிச்சீங்கன்னு அது முடிவு பண்ணும். அதனால நோட் கிளம்பறது கீ கிட்டத்தட்ட அடிக்குப் போனப்புறம்தான். பியானோவுக்கு அதுதான் சரி, சுத்தி கிளம்பற இடம் அங்கதான. ஆனா நிஜ ஹேமண்ட் ஆர்கன்ல வெலாசிட்டியே கிடையாது, கீ கொஞ்சம் இறங்கினாலே காண்டாக்ட் ஒட்டி சத்தம் வந்துடும். அதே மாதிரி செஞ்ச நல்ல ஆர்கன் குளோன்கள் அந்த மேல் சென்சாரிலேயே நோட்டை விட்டுடும், ஹை ட்ரிகர்னு சொல்லுவாங்க. அது இருந்தா கீயை மேலாப்புல தட்டித் தட்டி ரிதம் போடலாம், ஒரே நோட்டை விரல் மாத்தி மாத்தி வேகமா அடிக்கலாம். கடைக்குப் போனா ஆர்கன் சவுண்டைப் போட்டுட்டு ஒரு கீயை ரொம்ப மெதுவா அழுத்திப் பாருங்க. பாதி வழிக்கு முன்னாடியே சத்தம் வந்தா அது ஆர்கன் தெரிஞ்ச கீபோர்டு. அடியில போய் முட்டினப்புறம்தான் வருதுன்னா அது ஆர்கன் சாம்பிள் ஏத்தின சிந்த், அவ்ளோதான்.

அடுத்தது கீயோட முன் விளிம்பு. சாதாரண சிந்த் கீயில முன்னாடி ஒரு உதடு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், உள்ளங்கை இழுக்கறப்ப அதுல மாட்டும். வாட்டர்ஃபால் கீன்னா விளிம்பு மழுங்கி நேரா கீழ இறங்கும், கை வழுக்கிட்டுப் போகும். நீங்க சொன்ன கிளிஸ் பிரச்சனை அங்கயே தீர்ந்துது.

என் ஓட்டு எலெக்ட்ரோ 6டி 61, இல்லன்னா யமஹா ஒய்சி61. ரெண்டும் வாட்டர்ஃபால், ரெண்டுலயும் கையால இழுக்கற நிஜ டிராபார் (ஆர்கன் சத்தத்தைக் கலக்கற இழுப்புக் கோல்).

சும்மாகேட்டேன்:
73 வேண்டாமா? 61 கம்மி இல்லயா

டிராபார்தாசன்:
ஹேமண்ட் பி-3லயே ஒரு மேனுவலுக்கு (கீ வரிசைக்கு) 61தான் தம்பி. கீழ 88 இருக்கறப்ப மேல 61 தாராளம்.

சிந்த்சித்தன்:
தாசன் அண்ணன் எந்த இழைக்குப் போனாலும் ஆர்கன்ல கொண்டுபோய் விட்டுடுவார், பழக்கதோஷம் 😄 கருப்புவெள்ளை மூணு விஷயம் கேட்டாரு, ஆர்கன் அதுல ஒண்ணு. லீடைப் பத்தி யாரும் பேசல.

எலெக்ட்ரோ 6ல பிட்ச் பெண்டே கிடையாது, மாட் வீலும் (வைப்ரேட்டோ மாதிரி அசைவு சேர்க்கற சக்கரம்) கிடையாது. இது தெரியாம வாங்கிட்டு அப்புறம் இழை போடறவங்க நிறையப் பேர். லீட் வாசிக்கறவனுக்கு பிட்ச் பெண்ட் இல்லாத கீபோர்டு எதுக்குங்க? ஒரு சுரத்துலேர்ந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகணும், ஒரு நோட்டைப் பிடிச்சு கமகம் மாதிரி அசைக்கணும், எல்லாம் இடதுகைலதான் இருக்கு. பெண்ட் ரேஞ்ச் வழக்கமா ரெண்டு செமிடோன்ல செட் ஆகியிருக்கும், பேட்சுக்குப் பேட்ச் அதை மாத்த முடியுதான்னும் பார்த்துக்கோங்க. வீலா, லீவரா, ஸ்டிக்கான்னு பார்க்கறதும் முக்கியம். ஸ்பிரிங் தளர்வா இருந்தா விட்டதும் நடுவுக்குத் திரும்பறப்ப கொஞ்சம் தாண்டிப்போய் ஆடிட்டு நிக்கும், அது அப்படியே சத்தத்துல கேக்கும். ஒரு நீளமான நோட்டைப் பிடிச்சு பெண்ட் பண்ணி சட்டுனு விட்டுப் பாருங்க, தெரிஞ்சிடும்.

அப்புறம் ஆஃப்டர்டச். நோட் அடிச்சதுக்கப்புறம் கீயை இன்னும் அழுத்தினா வைப்ரேட்டோ வர்ற மாதிரி வெக்கலாம், வலதுகை ஒண்ணே வேலையை முடிச்சிடும், இடதுகை கீழ பியானோவுல கார்டு பிடிச்சுட்டே இருக்கலாம். ரெண்டு அடுக்கு வாசிக்கறவங்களுக்கு இது பெரிய வசதி, ஆனா இப்பல்லாம் நடுத்தர ரகத்துல இதைத்தான் முதல்ல வெட்டிடறாங்க. எம்ஓடிஎக்ஸ்ல இல்ல, ஜூனோ டிஎஸ்ல இல்ல, ஒய்சி61லயும் இல்ல. நார்ட் வேவ் 2ல இருக்கு. ஹைட்ராசிந்த்ல ஒவ்வொரு கீக்கும் தனித்தனியா பாலிஃபோனிக் ஆஃப்டர்டச்சே இருக்கு, ஆனா அது எட்டே வாய்ஸ், 49 கீ, பியானோ ஆர்கன் எதுவும் எதிர்பார்க்கக் கூடாது, சுத்தமான சிந்த்.

என் ஓட்டு எம்ஓடிஎக்ஸ், ஆனா 7 இல்ல, 6. 61 கீ, 6.6 கிலோ. 8 ஆபரேட்டர் எஃப்எம் (ஒரு அலையால இன்னொண்ணை அசைச்சு சத்தம் உருவாக்கற முறை) வேற உள்ள இருக்கு, பேடும் லீடும் எவ்ளோ வேணாலும் குடையலாம்.

டிராபார்தாசன்:
> சிந்த்சித்தன் எழுதியது: எலெக்ட்ரோ 6ல பிட்ச் பெண்டே கிடையாது

உண்மைதான், மறுக்கல. ஒய்சி61ல பெண்ட் லீவரும் மாடுலேஷன் லீவரும் இருக்கு. எம்ஓடிஎக்ஸ்ல ஸ்லைடர் நாலுதான், டிராபார் ஒன்பது, மீதி அஞ்சை பக்கத்து வீட்டுக்காரர் இழுப்பாரா? ஒரு பாட்டுக்குள்ளயே வெர்ஸ்ல 888 (முதல் மூணு டிராபாரும் முழுசா வெளிய) வெச்சுட்டு, கோரஸ் வர்றப்ப மேல் டிராபாரை ஒண்ணொண்ணா இழுத்து விடறதுதான் ஆர்கன் வாசிக்கறதே. பேட்ச் மாத்தறது ஆர்கன் இல்ல.

இடதுகைபேஸ்:
ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். கருப்புவெள்ளை, நீங்க வாசிக்கற பாட்டெல்லாம் எழுதி, பக்கத்துல கையை மட்டும் குறிச்சுப் பாருங்க. இடதுகை எங்க இருக்கு, வலதுகை எங்க இருக்கு, கால் எங்க இருக்கு. சவுண்ட் பேர் எழுத வேண்டாம். எத்தனை பாட்டுல மேல் கீபோர்டுல ரெண்டு கையும் சேர்ந்து போகுதுன்னு தெரிஞ்சா 61ஆ 73ஆங்கற கேள்வி அதுவே முடிஞ்சிடும். எத்தனை பாட்டுல வலதுகை மேல இருக்கறப்ப இடதுகை சும்மா இருக்குன்னு தெரிஞ்சா பிட்ச் வீல் உங்களுக்கு உண்மையிலேயே தேவையான்னு தெரிஞ்சிடும். இடதுகை எப்பவுமே பியானோவுல பிஸின்னா வீல் இருந்து என்ன பிரயோஜனம்.

மிடிமுனி:
நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். செலவு குறைக்க ஒரு வழி இருக்கு, சொல்லிடறேன், அப்புறம் அது ஏன் பல சமயம் சரிவராதுன்னும் சொல்றேன்.

மிடிங்கறது கீபோர்டுகள் ஒண்ணுக்கொண்ணு நோட் தகவல் அனுப்பற இணைப்பு. வெறும் மிடி கன்ட்ரோலர் (தனக்குன்னு சவுண்ட் இல்லாத கீபோர்டு) ஒண்ணு வாங்கி, அதோட மிடி அவுட்டை பியானோவோட மிடி இன்ல சொருகினா, பியானோவுக்குள்ள இருக்கற ஆர்கனையும் பேடையும் மேல இருக்கற இலகுவான கீல வாசிக்கலாம். சவுண்டுக்குத் தனியா காசு இல்ல. 5 பின் மிடி 1983லேர்ந்து இருக்கு, வேகம் நொடிக்கு 31,250 பிட்தான், ஆனாலும் ஒரு நோட் போய்ச்சேர ஒரு மில்லிசெகண்ட் அளவுதான் ஆகும், தாமதம் காதுக்குத் தெரியாது.

இதுல மூணு குழி இருக்கு. பியானோ ஒரே மிடி சேனல்லதான் எல்லாத்தையும் வாங்கும்னா மேல் கீயை அடிச்சாலும் கீழ் கீயை அடிச்சாலும் ஒரே சவுண்ட்தான் வரும். ஸ்டேஜ் பியானோக்கள்ல பலது வொர்க்ஸ்டேஷன் மாதிரி சேனலுக்கு ஒரு சவுண்ட்னு பிரிச்சு வாங்காது, மேனுவல்ல கடைசிப் பக்கத்துல இருக்கற மிடி அட்டவணையைப் படிக்காம கன்ட்ரோலர் வாங்காதீங்க. அடுத்தது யூஎஸ்பி. ரெண்டு கீபோர்டுலயும் பின்னாடி இருக்கற அந்த சதுர யூஎஸ்பி ஓட்டை கம்ப்யூட்டரைத் தேடற ஓட்டை, ரெண்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு இணைச்சா ஒண்ணும் நடக்காது. நடுவுல ஒரு யூஎஸ்பி மிடி ஹோஸ்ட் டப்பா வேணும், இல்லன்னா ரெண்டுலயும் வட்டமான 5 பின் ஜாக் இருக்கணும். இப்ப வர்ற சின்ன கன்ட்ரோலர் சிலதுல அந்த வட்ட ஜாக்கே இல்ல. மூணாவது, வெலாசிட்டி கர்வ். இலகுவான கீல அடிச்சா வெலாசிட்டி நம்பர் சட்டுனு 110, 120ன்னு ஏறிடும், பியானோவுக்காகச் செஞ்ச சவுண்டெல்லாம் கத்தும். கர்வை ஹார்டுக்கு மாத்தினா அடங்கும்.

இன்னொரு சமாச்சாரம், மிடி ரெண்டு பக்கமும் இணைச்சுட்டு லோக்கல் கன்ட்ரோலை (கீ தன்னோட சவுண்டையே நேரா இயக்கறது) அப்படியே விட்டீங்கன்னா நோட் ரெட்டையா கிளம்பி டியூப்புக்குள்ள பேசற மாதிரி ஒரு சத்தம் வரும். கேபிள் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு மாத்திக்கிட்டே இருக்காதீங்க.

டேப்லெட்தம்பி:
ஐபேட் வெச்சு ஓட்டலாமே ப்ரோ, ஆர்கன் ஆப் எல்லாம் செமயா இருக்கு. கன்ட்ரோலர் + ஐபேட் + ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ். பஃபர் 128 சாம்பிள் வெச்சா 44.1 கிலோஹெர்ட்ஸ்ல 2.9 மில்லிசெகண்ட் தாமதம்தான், 256ன்னாலும் 6க்குள்ள.

மேடைக்குப்பின்னால்:
பஃபர் கணக்கு சரி, ஆனா அது மட்டும் தாமதம் இல்ல, இன்டர்ஃபேஸ் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். எனக்கு அதுவும் பிரச்சனை இல்ல. நான் சவுண்ட் பக்கம் உக்கார்றவன், என் பிரச்சனை வேற. சார்ஜர், ஹப், இன்டர்ஃபேஸ், கன்ட்ரோலர்னு நாலு துண்டு, அஞ்சு கேபிள். எதுல ஒண்ணு இளகினாலும் பாட்டு நடுவுல ஆர்கன் போயிடும், எல்லாரும் மிக்ஸரைத்தான் திரும்பிப் பார்ப்பாங்க. ரூம்ல ரெக்கார்டிங்குக்கு ஐபேட் அருமை. மேடைன்னா, வேற வழி இருக்கறவரைக்கும் ஸ்விட்ச் போட்டா எழுந்து நிக்கற ஒரு பெட்டியே மேல்.

லெவல் பத்தி யாரும் பேசலங்கறதால நான் பேசிடறேன். ரெண்டு கீபோர்டு, ரெண்டும் ஸ்டீரியோ, நாலு லைன். பல மேடைல உங்களுக்குக் கிடைக்கறது ஒரு லைன், தப்பித்தவறி ரெண்டு. அதனால உங்ககிட்டயே ஒரு சின்ன லைன் மிக்ஸர் இருக்கணும், அதுலேர்ந்து ஒரே ஜோடியா என்கிட்ட வரணும். மோனோதான் கிடைக்கும்னா இடது பக்க ஜாக்கை மட்டும் சொருகுங்க, பெரும்பாலும் எல்/மோனோன்னு எழுதியிருக்கும், உள்ளயே சேர்த்து அனுப்பிடும். ஆனா ஸ்டீரியோ பியானோ சாம்பிளை மோனோவா சேர்த்தா ரெண்டு பக்க அலையும் ஒண்ணை ஒண்ணு வெட்டி (ஃபேஸ்) உடம்பு மெலிஞ்சிடும், நடு ஆக்டேவ்ல டொக்குனு ஆயிடும். மோனோவுக்குன்னே செஞ்ச பியானோ சவுண்ட் இருந்தா அதைத் தனியா ஒரு இடத்துல சேவ் பண்ணி வெச்சுக்கோங்க. ஆர்கன் மோனோல பெருசா அடிபடாது, லெஸ்லிங்கற சுழல் ஸ்பீக்கரோட ஏற்ற இறக்கம் அப்பவும் கேக்கும்.

இன்னொண்ணு. வீட்டுல ஹெட்ஃபோன்ல லெவல் மேட்ச் பண்ணிட்டு வராதீங்க. சின்ன சத்தத்துல காது பேஸைக் கம்மியாத்தான் எடுக்கும், அதனால பேடைத் தூக்கி வெச்சுடுவீங்க, மேடையில அது எல்லாத்தையும் மூடிடும். ரிகர்சல்ல, டிரம்ஸ் ஓடறப்ப, ரெண்டு கீபோர்டோட மாஸ்டர் வால்யூமையும் ஒரே இடத்துல நிறுத்தி ஒரு டேப் ஒட்டிடுங்க. அப்புறம் ஒவ்வொரு பேட்சுக்குள்ளயும் போய் அதோட வால்யூமை பியானோவுக்குச் சமமா கொண்டுவந்து சேவ் பண்ணுங்க. லீட் மட்டும் ஒரு பங்கு தூக்கலா இருக்கட்டும். அதுக்கப்புறம் மாஸ்டர் நாபைத் தொடவே தொடாதீங்க, நான் கும்பிடறேன்.

கருப்புவெள்ளை:
பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ வரும்னு நினைக்கவே இல்ல. இடதுகைபேஸ் சொன்ன மாதிரி எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் அதிர்ச்சிதான். மேல் கீபோர்டு வேணும்னு நான் நினைச்ச இடத்துல பெரும்பாலும் ஆர்கன். அதுலயும் இடதுகை கீழ பியானோவுல, வலதுகை மேல. பேடுன்னு நான் குறிச்சதெல்லாம் பியானோவுக்கு அடியில நிக்கற பேடுதான், அதை சிபி88ல லேயர் பண்ணா (பியானோவோட சேர்த்து அடுக்கினா) முடிஞ்சுது, மேல எதுவும் தேவையே இல்ல. லீட் ரெண்டு மூணு பாட்டுதான், ஆனா அதுதான் ஆடியன்ஸ் கை தட்டற இடம், விட முடியாது. அந்த இடத்துல இடதுகை சும்மாதான் இருக்கு, பேஸ் கிடார்காரர் பார்த்துக்கறார்.

அப்ப ஒய்சி61 பக்கம் சாயுது மனசு. ஒரே தயக்கம், அதுல இருக்கற பியானோ, எலெக்ட்ரிக் பியானோ எல்லாம் என்கிட்ட இருக்கற அதே குடும்பம்தான. ஒரே சரக்குக்கு ரெண்டு தடவை காசு கொடுக்கற மாதிரி இருக்கு.

சிந்த்சித்தன்:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஒரே கம்பெனில ரெண்டு எடுத்தா பாதி சவுண்ட் டபுள். வேற கம்பெனி எடுத்தா ரெண்டு விதமான குணம் கிடைக்கும், லேயர் பண்றப்ப அது நல்லாவே தெரியும். அதோட ஒய்சில சிந்த் சவுண்டை ஆழமா குடைய முடியாது, இருக்கறதை எடுத்து ஃபில்டர், எஃபெக்ட் திருகறதோட சரி. லீட்ல தனக்குன்னு ஒரு சத்தம் வேணும்னு நினைக்கறவனுக்கு அது பத்தாது.

பெடல்மேல்கால்:
டபுள் ஆனா நல்லதுதான் பாஸ். ஒரு நாள் கீழ இருக்கறது ஆன் ஆகலன்னா மேல இருக்கறதுல பியானோ வாசிச்சு நிகழ்ச்சியை முடிச்சுட்டு வரலாம். எலெக்ட்ரிக் பியானோ, கிளாவி எல்லாம் இலகுவான கீல வாசிக்கறதே ஒரு தனி சுகம், ஃபங்க் கட்டெல்லாம் ஹேமர்ல வர்றதுக்கு முன்னாடி பாட்டே முடிஞ்சிடும்.

நடைமேடை:
மேல எதை வெச்சாலும் ஸ்டாண்டை மறந்துடாதீங்க. சிபி88 மட்டும் 18.6 கிலோ. எக்ஸ் ஸ்டாண்டுல ரெண்டாவது அடுக்கு மாட்டினா நீங்க கிளிஸ் இழுக்கற ஒவ்வொரு தடவையும் மொத்தமும் ஊஞ்சல் ஆடும், முட்டி வேற இடிக்கும். இசட் ஸ்டாண்ட், இல்ல மேசை மாதிரி நாலு கால் ஸ்டாண்ட்ல மேல் கை மாட்டறது நல்லது.

எல்லாரும் மறக்கற அளவு ஒண்ணு இருக்கு, மேல் கீபோர்டோட ஆழம். சிபி88 பேனல்ல ஸ்விட்ச் எல்லாம் மேல்பக்கம் பரப்பி வெச்சிருக்காங்க, அதோட அழகே அதான். மேல இருக்கற கீபோர்டை கிட்ட கொண்டுவந்தா அதெல்லாம் நிழல்ல போயிடும், ரிவெர்ப் நாபைத் தடவித் தடவித்தான் கண்டுபிடிக்கணும். தூரமா தள்ளினா கை எட்டாது, தோள்பட்டை வலிக்கும். நடுவுல உங்க கை ஸ்விட்ச் மேல போய்வர்ற அளவுக்கு உயர இடைவெளி விட்டு, மேல இருக்கறதைக் கொஞ்சம் உங்க பக்கமா சாய்ச்சு வைங்க. சாய்வு கூடினா வாட்டர்ஃபால் கீயில மணிக்கட்டு மடங்கிடும், அதனால அளவோட. கீழ் அடுக்கோட உயரத்தை முதல்ல உங்க முழங்கைக்கு சரி பண்ணிட்டு அப்புறம்தான் மேல் அடுக்கு, பலர் தலைகீழா பண்ணிட்டு பியானோவை முழங்காலுக்கு இறக்கிடறாங்க.

ஜூனோ டிஎஸ்61க்காகவும் ஒரு வார்த்தை, யாருமே கண்டுக்கலயே. 5.3 கிலோ, ஏஏ பேட்டரி எட்டு போட்டாலே ஓடும். அதோட ஆர்கன் தாசனுக்குப் பிடிக்காது, அது வேற விஷயம்.

டிராபார்தாசன்:
பிடிக்காதுதான்.

சும்மாகேட்டேன்:
ரெண்டையும் வித்துட்டு செமி வெயிட்டட் 73 ஒண்ணே ஒண்ணு வாங்கினா என்ன

இடதுகைபேஸ்:
அது அவர் கேட்ட கேள்வி இல்ல தம்பி. செமி வெயிட்டட்ங்கறது ரெண்டு வேலையையும் சுமாரா பண்ற கீ. ஒரே பெட்டியைத் தூக்கிட்டு பஸ்ஸு, ரயிலுன்னு அலையறவங்களுக்கு அது சரி. ஹேமர் கீயை ஏற்கனவே வெச்சிருக்கறவர் மேல செமி வெயிட்டட் வாங்கினா பாதி பியானோவை பியானோ மேல வெக்கற மாதிரி. அவர் முதல்ல சொன்ன எம்ஓடிஎக்ஸ்7 மேல எனக்கு இருக்கற ஒரே ஆட்சேபணையும் அதான்.

கருப்புவெள்ளை:
ரெண்டையும் கை வெச்சுப் பார்த்துட்டு வந்தேன், ஒய்சி61, எம்ஓடிஎக்ஸ்6 ரெண்டும் ஒரே இடத்துல இருந்துது. தாசன் அண்ணன் சொன்ன மெதுவா அழுத்தற சோதனையைத்தான் முதல்ல பண்ணேன். ஒய்சில ஆர்கன் போட்டு கீ மேல விரல் கனத்தை மட்டும் வெச்சேன், அது இறங்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே நோட் வந்துடுச்சு, கீ இன்னும் அடிக்குப் போகல. கீயை முழுசா மேல விடாம பாதியிலேயே திரும்பத் திரும்ப தட்டினா ஒவ்வொரு தட்டுக்கும் நோட் வருது. எம்ஓடிஎக்ஸ்ல அதே வேகத்துல தட்டினா சிலது விட்டுப்போச்சு. உள்ளங்கை கிளிஸ் ஒய்சில மேலேர்ந்து கீழ வரைக்கும் வெண்ணெய். மறுபக்கம், எம்ஓடிஎக்ஸ்ல ஒரு எஃப்எம் லீட் எடுத்து மாட் வீலைத் தள்ளினப்ப நிஜமாவே சொல்றேன் மயிர்க்கூச்செறிஞ்சுது, அந்த மாதிரி ஒண்ணு ஒய்சில கிடைக்கல. அதோட லீவர் சின்னதா இருக்கு, வீல் பழகின கைக்குக் கொஞ்சம் நாள் ஆகும்.

ஆனா எழுதி வெச்ச கணக்கைத் திரும்பப் பார்த்தேன். ஆர்கன்தான் அதிகம். ஒய்சி61ன்னு முடிவு பண்ணிட்டேன். 7.1 கிலோங்கறதால ஸ்டாண்டுக்கும் கவலை இல்ல. லீடுக்கு இப்போதைக்கு அதுல இருக்கறதே, பின்னாடி பார்த்துக்கலாம்.

கடைசியா ரெண்டு கேள்வி. பெடல் எப்படிப் பிரிக்கறது, கீழ சஸ்டெய்ன் ஒண்ணு இருக்கு, மேலயும் ஒண்ணு வேணுமா? அப்புறம் பாடறவர் திடீர்னு அரை சுருதி இறக்கச் சொன்னா ரெண்டையும் எப்படி சேர்த்து மாத்தறது?

சிந்த்சித்தன்:
வாழ்த்துக்கள், வருத்தத்தோட 😄 லீட் ஆசை வளர்ந்தா வாங்க பேசலாம்.

பெடல்மேல்கால்:
சஸ்டெய்ன் ஒண்ணு போதும், பியானோவுக்கு. மேல ஆர்கனுக்கு வேண்டியது எக்ஸ்பிரஷன் பெடல். ஆர்கன்ல எவ்ளோ ஓங்கி அடிச்சாலும் சத்தம் ஒரே அளவுதான், ஏத்தம் இறக்கம் மொத்தமும் காலுல இருக்கு, அது இல்லாம வாசிச்சா சைரன் மாதிரி ஒரே கோடா போகும். வலது கால் சஸ்டெய்ன்ல, இடது கால் எக்ஸ்பிரஷன்ல, நின்னுக்கிட்டு வாசிக்கறவரா இருந்தா ஸ்டூல் ஒண்ணு தேவைப்படும், ரெண்டு காலும் வேலை செஞ்சா எதுல நிப்பீங்க.

வாங்கறப்ப கவனம்: எக்ஸ்பிரஷன் பெடலோட ஜாக்ல உள் ஒயரிங் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேற கம்பெனி பெடலை சொருகினா முக்கால் தூரம் சும்மா இருந்துட்டு கடைசில திடீர்னு ஏறும், பெடல் கெட்டதுன்னு நினைச்சுடாதீங்க. சஸ்டெய்ன்ல இதே கதை தலைகீழா, மிதிச்சா நிக்கும், விட்டா ஓடும். அதுக்கு பவர் ஆன் பண்றப்ப பெடல் மேல கால் வெக்காம இருந்தா பல கீபோர்டு தானாவே கண்டுபிடிச்சுக்கும்.

ரெண்டையும் மிடில இணைச்சீங்கன்னா கீழ மிதிக்கற சஸ்டெய்ன், அதாவது மிடில சிசி 64ங்கற செய்தி, மேல ஆர்கனுக்கும் போயிடும், கார்டெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு குழைஞ்சு நிக்கும். அதை வடிகட்டுங்க. நீங்க சொல்ற வேலைக்கு மிடியே தேவையில்ல, ரெண்டும் தனித்தனியா ஓடட்டும்.

மிடிமுனி:
டிரான்ஸ்போஸுக்கும் அதே பதில்தான், ஒண்ணுல மாத்தினா இன்னொண்ணு தானா மாறாது. கீழ மட்டும் அரை இறக்கிட்டு மேல மறந்தா இடதுகை ஒரு சுருதி, வலதுகை ஒரு சுருதின்னு பாட்டு ஆரம்பிக்கும், கேக்கவே வேணாம். அடிக்கடி சுருதி மாறற பாட்டுன்னா, ரெண்டு கீபோர்டுலயும் அந்தப் பாட்டுக்கு ஒரு பிரீசெட்டை ஒரே நம்பர்ல சேவ் பண்ணி, டிரான்ஸ்போஸையும் அதுக்குள்ளயே வெக்க முடியுதான்னு பாருங்க. ஒரு மிடி கேபிள் போட்டு புரோகிராம் சேஞ்ச் (பிரீசெட் மாத்தச் சொல்ற செய்தி) மட்டும் அனுப்பினா கீழ மாத்தினதும் மேல சேர்ந்து மாறும், நோட்டும் பெடலும் போகாம அடைச்சுடுங்க. இல்ல, கையாலயே பன்னிரண்டு சுருதியும் வாசிக்கப் பழகிட்டீங்கன்னா பட்டனே வேண்டாம், ஆனா அதை இங்க யாரும் கேக்கமாட்டாங்க.

டிராபார்தாசன்:
வந்ததும் முதல்ல இதைப் போடுங்க: முதல் மூணு டிராபார் முழுசா வெளிய, மீதி ஆறும் உள்ள, 888 000 000. பர்கஷன் (நோட் ஆரம்பத்துல வர்ற டிக் சத்தம்) ஆன், மூணாவது ஹார்மோனிக், சின்ன டிகே (சீக்கிரம் அடங்கும்). லெஸ்லி ஸ்லோ. பர்கஷன் டிக்குனு வரணும்னா முன்னாடி பிடிச்ச கீ எல்லாத்தையும் விட்டுட்டு அடுத்ததை அடிக்கணும், ஒட்டி ஒட்டி வாசிச்சா முதல் நோட்டுக்கு மட்டும்தான் வரும், பி-3 அப்படித்தான், கோளாறு இல்ல.

லெஸ்லி ஸ்லோ ஃபாஸ்ட் மாத்தறதை பேனல் பட்டன்ல விடாதீங்க, ஒரு சின்ன ஃபுட் ஸ்விட்ச் போட்டு இடது கால் பக்கம் வைங்க. நீளமான கார்டைப் பிடிச்சுட்டு ஃபாஸ்ட்டுக்கு மாத்தினா மேல் ஹார்ன் சட்டுனு வேகம் பிடிக்கும், கீழ டிரம் மெதுவா பின்னாடி வரும், அந்த இடைவெளிலதான் மொத்த மஜாவும். ஒரு கோரஸுக்கு ஒரு தடவை மாத்தினா போதும். புதுசா வாங்கினவங்க எல்லாரும் முதல் மாசம் பட்டனை விடவே மாட்டாங்க, நீங்களும் விடமாட்டீங்க, பேண்டுல யாராவது கத்துவாங்க, பரவால்ல.